பூட்டிய போன், பூட்டாத சிம்

நம்மில் பெரும்பாலோர் செல்போனைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். விரல் ரேகை, முகம், இலக்கங்கள், புள்ளிகளை இணைத்து இழுக்கும் கோடு என்று ஏதோ ஒன்று எல்லோருடைய திரையிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு திரைக்கு உள்ளே இருப்பவற்றை மட்டுமே காக்கும். போனின் ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது; அதில் ஊசியை வைத்து அழுத்தினால் சிம் கார்டு வெளியே வந்துவிடும். அந்தச் சிம்மை வேறொரு போனில் போட்டுவிட்டால், நம் எண்ணுக்கு வரும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அவற்றோடு ஓடிபிகளும் அந்தப் போனுக்கே போகத் தொடங்கும். அதற்கு நம் திரைப்பூட்டைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

இதைப் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டதும் திடுக்கிடுகிறார்கள், போன் பூட்டியிருப்பதால் எல்லாமே பூட்டியிருப்பதாக அவர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். இந்தியாவில் இன்று பத்து இலக்க செல்போன் எண்தான் ஒருவருடைய அடையாளமாக நிற்கிறது. வங்கிக் கணக்கு, யுபிஐ, ஆதார், வருங்கால வைப்பு நிதி, வருமான வரிக் கணக்கு, கேஸ் பதிவு, வாட்ஸ்அப், மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோனால் அதை மீட்கும் வழி என்று எல்லாமே அந்த எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பி, அதைத் திரும்பச் சொல்பவரையே உரியவர் என்று ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே செல்போன் பாதுகாப்பு என்ற பேச்சை நான் எப்போதும் எண்ணிலிருந்துதான் தொடங்குவேன். இருபதாயிரம் ரூபாய் போன் போனால் இருபதாயிரத்தோடு போகும். எண் பிறர் கைக்குப் போனால் இழப்பு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் போல் மூடித் திறக்கும் போன் உறை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் உள்பக்கத்து அறைகளில் ஏடிஎம் கார்டையும் ஆதார் அட்டையையும் செருகி வைத்துக்கொள்வோர் ஏராளம், குறிப்பாக நம் வீட்டுப் பெரியவர்கள். தனியாகப் பர்ஸ் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் யுபிஐ எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் ஒருவரும் இதைச் செய்யமாட்டார்கள். புதிய போனில் யுபிஐ செயலியைப் பதியும்போது, அந்தப் போனில் உள்ள சிம்மிலிருந்து வங்கியின் அமைப்புக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். அதை வைத்துத்தான் எண் யாருடையது என்று வங்கி முடிவு செய்கிறது. அதன்பின் யுபிஐ பின் எனும் ரகசிய எண்ணைப் புதிதாக அமைக்க, டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும் ஓர் ஓடிபியும் தேவை. சில வங்கிகள் கூடுதலாக ஏடிஎம் பின்னையும் கேட்கின்றன. எல்லா வங்கிகளும் கேட்பதில்லை. கார்டு இல்லாமல் ஆதார் வழியாகப் பின் அமைக்கும் வசதியும் இருக்கிறது. அதற்கு ஆதாரின் முதல் ஆறு இலக்கங்களும் ஓடிபிகளும் போதும். போனும் கார்டும் ஆதாரும் ஒரே உறையில் இருப்பது, பெட்டியின் கைப்பிடியிலேயே சாவியையும் சேர்த்துக் கட்டி வைப்பதற்கு ஒப்பானது. இதைப் படிப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், இன்றைக்கே பெற்றோரின் போன் உறையைத் திறந்து அந்த அட்டைகளை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது சிம்முக்கே உரிய பூட்டு. இது செல்போன் நம் ஊருக்கு வந்த காலத்திலிருந்தே இருக்கும் வசதி; ஆனாலும் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் 'சிம் லாக்' என்ற பெயரிலும், ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் 'சிம் பின்' என்ற பெயரிலும் இருக்கும். இதை இயக்கிவிட்டால், போனை அணைத்து மீண்டும் போடும்போதும், சிம்மைக் கழற்றி வேறு போனில் செருகும்போதும் அந்தப் பின்னைக் கேட்கும். சரியான பின்னைத் தராதவரை சிம் வேலை செய்யாது. திருடியவன் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிம்மில் அதை வழங்கிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் தொடக்கப் பின் ஒன்று இருக்கும். பூட்டை முதன்முறை இயக்கும்போது அதைத்தான் கேட்கும். பொதுவாக அது 1234 அல்லது 0000 ஆக இருக்கும். உறுதியாகத் தெரியாமல் ஊகித்துப் போடக் கூடாது. மூன்று முறை தவறினால் சிம் முடங்கி, முடக்கத்தை நீக்கும், எட்டு இலக்கங்கள் கொண்ட பியுகே எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில்தான் வாங்க வேண்டும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டுவிட்டால் சிம் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும், புதிய சிம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே தொடக்கப் பின்னை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பூட்டை இயக்கி, உடனே வேறு பின்னாக மாற்றிவிட வேண்டும். வயதான பெற்றோரின் போனில் இதைச் செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்து மறுபடி எழும்போது, பின் போடாதவரை அவர்களுக்கு எந்த அழைப்பும் வராது. தாமும் அழைக்க முடியாது. பின்னை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்து, இரண்டு மூன்று முறை அவர்களையே அணைத்துப் போடச் செய்து பழக்கிவிட்டால் அந்தச் சிரமம் தீர்ந்துவிடும்.

சிம்மைக் கழற்றாமலேயே ஓடிபியைப் படிக்கவும் வழி இருக்கிறது. பூட்டிய திரையின் மீதே குறுஞ்செய்தியின் முழு வாசகத்தையும் காட்டும்படி பல போன்களின் அமைப்பு இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் போனில் ஓடிபி வந்து விழுவதை அருகில் இருப்பவர் யாரும் படித்துவிடலாம். நோட்டிஃபிகேஷன் அமைப்புக்குப் போய், திரை பூட்டியிருக்கும்போது உள்ளடக்கத்தை மறைக்கும்படி மாற்றிவிட்டால் இது தீரும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்கப் பின் வைக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்துவிட்டால், நம் எண்ணும் ஓடிபியும் பிறரிடம் போனாலும் நம் பெயரில் வாட்ஸ்அப்பைத் திறப்பது எளிதல்ல. 'அவசரமாக ஐயாயிரம் அனுப்பு, நாளைக்குத் தந்துவிடுகிறேன்' என்று நண்பரின் கணக்கிலிருந்தே செய்தி வரும் மோசடிகளில் பல, இந்தப் பின் இல்லாத கணக்குகளைக் கைப்பற்றித்தான் நடக்கின்றன.

போன் நம் சட்டைப் பையிலேயே இருக்க, எண் மட்டும் பறிபோவதும் உண்டு. நம் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்குவது ஒரு வகை. நம்மையே ஏமாற்றி நம் சிம்மை இ-சிம்மாக, அதாவது கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்ற ஒப்புதல் பெற்றுவிடுவது இன்னொரு வகை. இரண்டிலும் அறிகுறி ஒன்றே: நன்றாக இருந்த சிக்னல் திடீரென்று போய், 'சேவை இல்லை' என்று காட்டும். டவர் பிரச்சினை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவதுதான் இயல்பு. அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்குச் சிக்னல் இருந்து நமக்கு மட்டும் இல்லையென்றால், அரைமணி நேரம் கூடத் தாமதிக்காமல் வேறொரு போனிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிட்டு, சிம் மாற்றக் கோரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். சிம் மாற்றப்பட்டால் முதல் 24 மணி நேரத்துக்கு அந்தச் சிம்மில் குறுஞ்செய்தி வசதியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, சிம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. இந்த இடைவெளிகள் நமக்காகவே ஏற்படுத்தப்பட்டவை. ஆனால் அந்த நேரத்துக்குள் நாம் விழித்துக்கொண்டால்தான் அவற்றால் பயன்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகக் கவலை தருவது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும். போக்குவரத்து விதிமீறலுக்கு அபராதச் சலான் என்று வரும். வங்கியின் கேஒய்சி, அரசின் உதவித்தொகை என்றும் வரும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வர வேண்டும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது போனில் நிறுவப்படும் ஒரு செயலி. நிறுவியவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், நாமும் கொடுத்துவிடுவோம். அதன்பிறகு வங்கியிலிருந்து வரும் ஒவ்வோர் ஓடிபியும் நமக்குத் தெரியாமலேயே வேறெங்கோ அனுப்பப்படும். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தது என்பதால் மட்டும் நம்பக் கூடாது; அவருடைய போனில் புகுந்த அதே செயலியே அவருடைய தொடர்புப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் அதை அனுப்பியிருக்கலாம். செட்டிங்ஸில் அனுமதிகளைக் காட்டும் பகுதிக்குப் போய், குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி எந்தெந்தச் செயலிகளுக்கு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கும் நாட்காட்டிச் செயலிக்கும் அந்த அனுமதி எதற்கு? தேவையற்ற எல்லாவற்றுக்கும் தயங்காமல் நீக்கிவிடலாம். வாட்ஸ்அப், குரோம் போன்றவை வெளியிலிருந்து செயலிகளை நிறுவ வைத்திருக்கும் அனுமதியையும் அப்படியே அணைத்துவிடுவது நல்லது. 'எங்கள் அதிகாரி பார்த்துச் சரிசெய்வார்' என்று சொல்லி, நம் திரையை அவர்களுக்குக் காட்டும் செயலிகளை நிறுவச் சொல்வதும் இதே வகைதான்; எந்த வங்கியும் அப்படிக் கேட்பதில்லை.

இனி ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். தனிப்பட்ட தகவல் கசிவதற்கு எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் வேண்டியதில்லை. 'இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, பிரிண்ட் போட்டுத் தரேன்' என்று கடைக்காரர் சொல்ல, நாமும் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் என்று வரிசையாக அனுப்பிவிட்டு வருகிறோம். கடைக்காரர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அந்தக் கணினியில் பல ஊர்க்காரர்களின் ஆவணங்கள் அழிக்கப்படாமல் கிடக்கும், அதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பயன்படுத்துவார்கள். இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே கடையில் பிரிண்ட் எடுக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை நம் கண்முன்னே அழிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டால் முகம் சுளிக்காமல் அழித்துத் தருபவர்களையே நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களில், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் அறை எடுக்கும்போது அதுவே போதும். நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் நல்லது. ஆதாரில் விரல் ரேகை, கண் கருவிழிப் பதிவுகளையும் பூட்டி வைக்க முடியும். அப்படிப் பூட்டியிருந்தால் ரேகையைப் படியெடுத்து வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடி நடக்காது. ரேஷன் கடையில் ரேகை வைக்க வேண்டிய நாளில் மட்டும் அதைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். நம் பெயரில் எத்தனை சிம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத எண் அந்தப் பட்டியலில் இருந்தால், 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே தெரிவித்துவிடலாம்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் போன் தொலைந்துபோகலாம். பொங்கலுக்கு முந்தைய இரவில் கிளாம்பாக்கத்தில் பேருந்தில் ஏறும் நெரிசலையோ, தேரோட்டத்தன்று மாட வீதியையோ நினைத்துப் பார்த்தால் போதும். அப்படித் தொலையும்போது முதல் ஒரு மணி நேரத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலோர் அந்த நேரம் முழுவதும் தம் எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தவர் நல்லவராக இருந்தால் முதல் இரண்டு மூன்று அழைப்பிலேயே பேசிவிடுவார். பேசவில்லையென்றால், உடனே அருகில் இருப்பவரின் போனை வாங்கி, கூகுளின் தொலைப்பூட்டுப் பக்கத்தையோ ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' வசதியையோ திறந்து போனைப் பூட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் தொலைப்பூட்டு வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், கூகுள் கணக்கில் நுழையாமல் போன் எண்ணை மட்டும் கொடுத்தே பூட்டிவிடலாம். இதை முன்பே செய்து வைப்பது ஏன் முக்கியம் என்றால், வேறொரு போனில் நம் கணக்கைத் திறக்கப் போனால் உறுதிசெய்யும் செய்தி தொலைந்த போனுக்கே போகும். நாம் வெளியே நிற்போம்.

சிம்மை முடக்கினால் போனுக்கு இணையம் போய்விடும், இருக்கும் இடம் தெரியாது, ஆகவே சிறிது பொறுத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் போன் கிடைக்கும் வாய்ப்புக்காகக் கணக்கில் உள்ள பணத்தைப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன். பூட்டும் கட்டளையைக் கொடுக்கச் சில நிமிடங்கள். அதன்பின் நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்க வேண்டும், அடுத்ததாக வங்கியை அழைத்து யுபிஐயையும் கார்டையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அப்போதே தெரிவிக்க வேண்டும். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள் என்பதால் இங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கி, டூப்ளிகேட் சிம்மும் கிடைத்த பிறகு, சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐ எனும் போனின் அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காதபடி தடுத்துவிடுவார்கள். 2023 மே மாதம் முதல் இந்த வசதி நாடு முழுவதும் இருக்கிறது. பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண், *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக்குச் சொல்வதில் தாமதம் கூடாது என்பதற்குச் சட்டப்பூர்வமான காரணமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. பின்னையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. ஏமாந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் இரண்டு நாள் வாய்மூடி இருப்பவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். ஆகவே தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல், புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, மின்னஞ்சலிலும் எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, நாமே கைவிடும் எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் என்றென்றும் நம்முடையதாக இருக்காது. சேவை துண்டிக்கப்பட்டபின் 90 நாட்கள்வரை அந்த எண்ணைப் புதியவருக்குத் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. அதன்பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். 2023 நவம்பரில் அந்த வழக்கை முடித்துவைத்த நீதிமன்றம், பழைய எண்ணோடு இணைந்த தகவல்களை நீக்கிக்கொள்வது பயனாளரின் பொறுப்பு என்ற நிலையையே எடுத்தது. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்துத் தம் பதிவுகளைச் சரிசெய்யும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எல்லா இடங்களிலும் நம் பழைய எண்ணைத் தேடி நீக்குவார்கள் என்று நம்பி இருந்துவிட முடியாது.

வீட்டில் ஒருவர் காலமாகிவிட்டால் இந்த விஷயம் இன்னும் சிக்கலாகிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அவருடைய போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று தோன்றாது. சில மாதங்கள் கழித்து வங்கிக்கோ, காப்பீட்டு அலுவலகத்துக்கோ, மின் இணைப்பைப் பெயர் மாற்றவோ போகும்போதுதான், ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போகிறது என்று தெரிய வரும்; அதற்குள் எண் துண்டிக்கப்பட்டிருக்கும். கணக்கில் உள்ள பணத்தைப் பொறுத்தவரை, இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குத் தெரிவித்து, நியமனதாரர் வழியாகவே பெற வேண்டும். அவருடைய யுபிஐயைக் குடும்பத்தினர் பயன்படுத்துவது முறையல்ல. ஆனால் எண்ணை மட்டும் குறைந்தது ஓராண்டுக்காவது மிகச் சிறிய திட்டத்தில் உயிரோடு வைத்திருந்து, வங்கி, காப்பீடு, கேஸ், மின்வாரியம், சொத்துவரி என ஒவ்வொன்றிலும் குடும்பத்தில் மற்றொருவரின் எண்ணைச் சேர்த்த பிறகு, அவருடைய வாட்ஸ்அப் கணக்கைச் செட்டிங்ஸ் வழியாகவே முழுமையாக நீக்கிவிட்டு, அதன்பின் சிம்மை நிறுவனத்திடம் முறைப்படி ஒப்படைத்துவிடலாம்.